அசையாதவளின் நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

காலை பதினொன்றே காலுக்கு அலுவலகத்தில் என் தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. நான் நாற்காலியில்தான் இருந்தேன். ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் மெய்ப்பில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன், எண்பத்து மூன்றாம் பக்கம். கையை ஆட்டியதும் எரிந்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு தடவை.

மார்ச் 5, புதன்

ஆள் இருந்தால்தான் விளக்கை எரியவிடும் புதுக் கருவியைக் கூரையில் மாட்டிய எலக்ட்ரீஷியனை நிறுத்திக் கேட்டேன். எல்லா உடம்பிலிருந்தும் சூடு ஒருவகை ஒளியாக வெளியே வருகிறதாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கருவிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண்கள். ஒன்றில் பட்ட சூடு மற்றதற்கு நகர்ந்தால், ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நகரவே இல்லையென்றால்?

"சுவரும் நீங்களும் அதுக்கு ஒண்ணுதான்க்கா."

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "இருபது வருஷமா நான் சொல்றேன், இப்பத்தான் ஒரு மிஷின் ஒத்துக்கிச்சு." நானும் சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது யோசித்தேன் — நான் அப்படியா?

மார்ச் 10, திங்கள்

விளக்குக்காக மட்டும் மாட்டவில்லை. எந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் ஆள் இருந்தது என்று அதுதான் பதிவு செய்கிறது. சுற்றறிக்கை வந்திருக்கிறது: எங்கள் பிரிவில் ஆறு பேர், மே மாதத்திலிருந்து ஐந்து. யார் போவது என்று இந்தப் பதிவை வைத்துத்தான் முடிவாம். எனக்கு நாற்பத்தொரு சதவீதம். கடைசி. முதலிடம் காற்புள்ளிக்கு, தொண்ணூற்றாறு.

காற்புள்ளி நாங்கள் வைத்த பெயர். அவள் பேச்சில் முற்றுப்புள்ளியே வராது. அவளுடைய மேஜை தேநீர் இயந்திரத்தை ஒட்டி இருக்கிறது. போகிறவர் வருகிறவர் சூடெல்லாம் அவள் பெயரில் ஏறிவிடுகிறது. அவளோ வாரத்தில் மூன்று நாள் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவாள். மாமியாருக்கு டயாலிசிஸ். மிச்சப் பக்கங்களை வீட்டில் முடித்து மறுநாள் கொண்டுவருவாள், ஒரு பிழை தங்காது. மாடியில் இருக்கும் மேலாளருக்கு இது தெரியாது.

பதினைஞ்சு வருஷம் அசையாம உக்காந்து வேலை பார்த்ததுக்கு இதுவா?

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஆட்டினேன். படித்த வரியையே மறுபடி படித்தேன். ஒரு ராஜாவின் பிறந்த ஆண்டைக் கோட்டை விட்டிருக்கிறேன், காற்புள்ளிதான் பிடித்தாள். "அக்கா, அப்பாவை விட மகன் மூத்தவனா இருக்கான், பாருங்க."

மார்ச் 12, புதன்

கருவி தப்பு என்று நிரூபிக்க என்னிடம் இருக்கும் பெரிய சான்று அவளுடைய தொண்ணூற்றாறு. அதைத் தொடாமல் என் நாற்பத்தொன்றை மட்டும் சொன்னால் போதுமா?

மார்ச் 13, வியாழன்

மேலாளரை என் மேஜைக்கு அழைத்து ஒரு பக்கத்தை நீட்டினேன். இதில் ஏழு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். குனிந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது பிழையில் விளக்கு அணைந்தது.

"இப்ப நாம ரெண்டு பேருமே இல்லையா மேடம்?" என்றேன்.

சிரித்துவிட்டார். அதோடு போயிருக்கலாம். கொஞ்சம் யோசித்து, "அப்ப இல்லாதவங்களை இருக்கறதாவும் காட்டுமோ?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அடுத்த வாரம் ஆள் வைத்து எண்ணப் போகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

காற்புள்ளியிடம் சொல்லிவிட்டேன். மேஜையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க காட்டிக் குடுக்கலைன்னு தெரியும்க்கா. ஆனா எனக்கு வலிக்குது."

இரண்டே வாக்கியம். அப்புறம், அவர்கள் வந்து எண்ணுவதற்குள் தானே சொல்லிவிடுவதாகச் சொல்லி மாடிக்குப் போனாள். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்.

மார்ச் 19, புதன்

அவள் என்னோடு பேசுவதில்லை. தேநீர் எடுக்கப் போகவே எனக்குக் கூசுகிறது.

மார்ச் 26, புதன்

இன்றும் பேச்சில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஐந்து இல்லை, ஐந்தரை. அவளுக்கு அரைநாள் வேலை, நேற்று முதல். சம்பளமும் அரைதான். எண்ணிக்கையை இனி முடித்த பக்கங்களை வைத்தே எடுப்பார்களாம். மதியத்துக்கு மேல் அவளுடைய பக்கங்கள் எனக்கு.

இன்று வந்த பக்கத்தில் பதினான்காம் வரி வரை அவள் திருத்தம், பச்சை மையில். ஓரத்தில் சின்ன எழுத்தில்: "அக்கா, மணி ஒண்ணு, இதுக்குக் கீழ நீங்க பாருங்க,"

பேனாவை எடுத்துப் பதினைந்தாம் வரியில் தொடங்கினேன்.