வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கார்

புதூர்
2.7.1999

பாசமுள்ள இசக்கிதுரை அண்ணனுக்கு, தங்கை சுதாராணி ராத்திரியில் ஒளிந்து எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் எல்லோரும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, பயம். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் எழுதுவதை நிறுத்துகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எனக்கு மட்டும் ரகசியமாக எழுதிய கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் ரொட்டி வாங்குவதற்காக, உன்னோடு வேலை செய்யும் வர்கீஸ் அண்ணனின் காரில் ஏறி, காற்று நன்றாக இருக்கிறதென்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முந்நூறு கிலோமீட்டர் போய், இடுப்பில் கட்டிய சாரத்தோடு கடற்கரையில் தூங்கி, ஆமை பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி மஸ்கட் திரும்பினீர்களாமே! கடைசியில் ரொட்டி வாங்கினீர்களா என்று நீ எழுதவே இல்லை.

வினை நீ அனுப்பிய போட்டோவால் வந்தது. அதை என் அட்லஸுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மஸ்கட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க அப்பா அட்லஸை விரித்தார். மஸ்கட் வரவில்லை, நீ விழுந்தாய். காரின் முன்பக்கம் சாய்ந்துகொண்டு, பல்லெல்லாம் தெரிய.

"வெள்ளிக்கிழம லீவுலயும் வேல, மூச்சு விட நேரமில்லன்னுல்லா எழுதுதான்? இது எங்கன? யாரு காரு?" என்று கேட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு இல்லை என்று நீ எழுதியது அவருக்கு இன்னும் ஆறவில்லை. நான் பயத்தில், "அண்ணன் வாங்குன காருப்பா. ஓட்டிப் பாக்கப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். நேரே டீக்கடைக்குப் போய், "சாரத்தோட காரு ஓட்டுதாம்லே எம் மவன், மொதலாளி மாரி" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் கோவில்பட்டிக்குப் போய், பின்கண்ணாடியில் ஒட்ட 'பத்திரகாளி துணை' என்று ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் வெட்டி வாங்கி வந்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நாலு எலுமிச்சம்பழம் வேறு. அங்கே போவதற்குள் அழுகிவிடாதா என்று கேட்டேன். "ஏட்டி, ஏரோப்பிளேன்ல ஏசி உண்டும்லா" என்கிறார்.

லீவில் வந்திருக்கிற மேலத்தெரு வெயிலுமுத்து அண்ணாச்சி மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை உன் அறைக்கு வந்து ஸ்டிக்கரை ஒட்டி, காரில் ஒரு சுற்றுப் போய்வந்து, எப்படி இருக்கிறது என்று அப்பாவுக்கு எழுத வேண்டும் என்று ஏற்பாடு. கார் இல்லையென்று எழுதினால் தீர்ந்தேன். பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு போதும் என்று அப்பா போன மாதமே பேச்செடுத்தார். பொய்யும் சேர்ந்தால் மறுநாள் காலையிலேயே என்னைத் தீக்குச்சி அடுக்கும் வேலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற்றிவிடுவார்.

நேற்று அம்மா மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே போட்டோவைக் கேட்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சொந்தக் காருன்னா இவன் இப்பிடிச் சாய மாட்டான்ட்டி. தொடைக்கத் துணியும் கையுமால்லா நிப்பான்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அப்பாவிடம் அவள் மூச்சு விடவில்லை. "சிரிச்ச மொகத்தப் பாத்து ரெண்டு வருசமாச்சு" என்று சொல்லிப் போட்டோவை முந்தானையால் துடைத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அண்ணே, வர்கீஸ் அண்ணன் காலில் விழுந்தாவது அந்த வெள்ளிக்கிழமை மட்டும் காரை வாங்கி உன் வாசலில் நிறுத்து. அடுத்த மாதம் விற்றுவிட்டேன் என்று எழுது. அப்பா இரண்டு நாள் சாப்பிட மாட்டார், அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். லீவு கிடைக்கும்போது நீ வந்தால் போதும், நடந்தே வந்தாலும் சரி. பத்திரகாளி உன்னையும் வர்கீஸ் அண்ணனையும் காப்பாற்றட்டும். நேரம் இருந்தால் என்னையும்.

இப்போதைக்குப் பத்தாம் வகுப்பில் இருக்கும்
உன் தங்கை
சுதாராணி