தலையிலிருந்து இறங்கி வந்த படம்

திங்கள், காலை 6.10
சனிக்கோளின் வளைய ஓரம், தகவல் நிலையம். காவல்: இசக்கியப்பன், ஒரே ஆள். வேலை நூறு ஆளுடையது. காற்று சரி. ஹீட்டர் முனகியது, ஒரு தட்டுத் தட்டினேன், அடங்கிவிட்டது. இதைக் கண்டெடுப்பவரே, பெரிய மனிதன் ஒருவனின் எழுத்தைப் படிக்கிறீர்கள். எட்டாவதோடு நின்றவன்தான், அதற்குமேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை.

தூத்துக்குடித் தரைநிலையத்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. அது இங்கே வர ஒன்றரை மணி நேரம் ஆகும், என் பதில் அங்கே போகவும் அதே நேரம்.
“அண்ணாச்சி, அந்தப் பக்கமா ஒரு கப்பல் போகுது. ஒங்கள ஏத்திக்கிடணும்னா புதன் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்குத் தகவல் வந்திரணும். பொறவு திருப்ப முடியாது. ஹீட்டர் எப்படி இருக்கு?”
என் பதில்: “இன்னும் பத்து வருசம் ஓடும். கப்பல் அது பாட்டுக்குப் போகட்டும்.”

செவ்வாய், காலை 9.40
தங்கை மகள் பொன்செல்வி என்னை வரைந்து ரேடியோவில் அனுப்புகிறாள். வரி வரியாக, தலையிலிருந்து இறங்குகிறது. பழைய விண்வெளிக் கதைப் புத்தக அட்டை மாதிரி: தலையில் மீன்தொட்டிக் கண்ணாடி, பின்னால் மூன்று நிலா. என் விமர்சனம்: நிலா போதாது, நான் சொன்னது ஏழு. மீசை ரொம்பச் சின்னது. இதை மன்னிக்க முடியாது.

செவ்வாய், மாலை 5.30
மார்பும் கையும் வந்தாயிற்று. ஒரு கையில் கதிர்த் துப்பாக்கி, மறுகையில் எட்டுக்கால் ராட்சசனின் கழுத்து. போன மாதம் அவளுக்கும் தரைநிலையத்துக்கும் நான் சொன்ன கதைதான். நான் உண்மையில் பிடித்தது அடைத்துக்கொண்ட ஒரு குழாயை. குழாயைச் சொன்னால் பிள்ளை தூங்கிவிடும். குறை: ராட்சசன் முகம் பாவமாக இருக்கிறது. அவனுக்கும் பேச்சுத்துணை இருந்திருக்காது.
ஹீட்டர் நின்றுவிட்டது. தட்டினேன். உதைத்தேன்.

புதன், காலை 8.15
மூச்சு புகையாக வருகிறது. மிச்சமிருக்கும் பேட்டரியை வைத்து ஒன்றுதான் ஓட்டலாம்: அவசரச் சூட்டுத்தகடு, இல்லையென்றால் ரேடியோ. புத்தியுள்ளவன் தகட்டைப் போடுவான். எனக்கு மிச்சப் படத்தைப் பார்க்க வேண்டும்.

புதன், மதியம் 1.05
கால் வந்தது.
வெள்ளி பூட்ஸ் இருக்கும் என்று நினைத்தேன். செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருக்கிறது. நான் கிளம்பிய அன்று போட்டிருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது, வாசற்படியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் எனக்கு விமர்சனம் இல்லை.
தரைக்குச் சொன்னேன்: “ஜெசிந்தா, ஹீட்டர் செத்துப்போச்சு. பயமா இருக்கு. கப்பலத் திருப்பும்மா.”

புதன், மாலை 4.30
“போன மாசம் ராட்சசன், இந்த மாசம் ஹீட்டரா? ஆபீஸே சிரிக்குது, அண்ணாச்சி. பத்து வருசம் ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க? கப்பல் வேண்டாம்னு அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். போர்வையப் போத்திட்டுப் படுங்க.”

புதன், மாலை 4.50
மறுபடியும் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். அது தரைக்குப் போய்ச் சேரும்போது ஆறு தாண்டியிருக்கும். பேட்டரியும் அதோடு தீர்ந்தது.

நேரம் தெரியவில்லை
பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. கண்டெடுப்பவரே, படத்தைக் கீழேயிருந்து பாருங்கள். முட்டிவரை நான்தான். அதற்குமேல் நான் சொன்னது. மீசை மட்டும் நிஜத்தில் இன்னும் பெரி