வில்லுக்காரி கேட்ட கேள்வி

மதினி,

வில்லுக்காரியின் கண்கள் பச்சை நிறமாம். உங்களுக்கும் தெரிந்திருக்காது. நம் வீட்டு டிவியில் அவள் முகமே சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். இப்போது அவள் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிகிறாள். இமை கொட்டுகிறாள். மூச்சு விட்டால் பனியில் புகை வருகிறது.

நாம் டிவியில் விளையாடிய அந்தப் பழைய விளையாட்டைத் துடைத்து மெருகேற்றி மறுபடியும் விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். ரீமாஸ்டர் என்று சொல்கிறார்கள். கதை அதே கதை, ஆட்கள் அதே ஆட்கள், படமும் இசையும் மட்டும் புதிது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மலை உச்சியில் கோட்டை இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் லேப்டாப்பில் வாங்கி இறக்கிவிட்டேன். முதல் திரையில் அந்த இசை எழுந்ததும் என் கை தன்னாலே சத்தத்தைக் குறைக்கப் போனது. மதியம் அம்மா தூங்குவாளே என்று. அம்மா இப்போது கம்பத்தில் கடை வைத்திருக்கும் அண்ணனோடு இருக்கிறாள். நான் குமுளியில் என் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சந்தோஷமாக விளையாடிவிட்டுப் போக வேண்டிய காரியம். ஆனால் ஒன்று புரியாமல் போய், அது இன்னொன்றை இழுத்து, இப்போது எதுவுமே நேராக நிற்கவில்லை. கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து மூணாறு மலையில் எங்கள் சித்திரபுரத்துக்கு வந்தபோது நான் பிளஸ் டூ முடித்துக் காலேஜ் சீட்டுக்காகக் காத்திருந்தேன். அப்பாவுக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை, குடியிருப்பு அதன் குவார்ட்டர்ஸில். நீங்கள் வெயிலிலும் காற்றிலும் வளர்ந்தவர். எங்கள் ஊர் மூடுபனியைப் பார்த்து முதல் நாள் கேட்டது நினைவிருக்கிறது: "ஏனுங்க அம்மிணி, துணியெல்லாம் எப்பத்தானுங்க காயும்?" என்னை யாரும் அதுவரை 'ங்க' போட்டு அழைத்ததில்லை. எங்கள் வீட்டில் 'ஏட்டி'தான்.

கல்யாணம் முடிந்ததும் அண்ணன் கல்ஃபுக்குத் திரும்பிவிட்டான். அவன் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டி டிவிக்குக் கீழே கிடந்தது. கூடவே ஒரே ஒரு டிஸ்க். நாம் அதற்கு 'ஏழு கோட்டை' என்று பெயர் வைத்தோம்.

மற்ற விளையாட்டுகள்போல் சும்மா ஓடிக் குதிப்பதில்லை அது. ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் பார்க்கிறவர்களோடு பேச வேண்டும். அவர்கள் பேசுவதெல்லாம் திரையின் அடியில் இங்கிலீஷில் ஓடும். தமிழ் மீடியத்தில் படித்த நான் இரண்டு வார்த்தை எழுத்துக்கூட்டுவதற்குள் வரி போய்விடும். நீங்கள் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர். பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வீர்கள், அதுவும் உங்கள் ஊர்த் தமிழில். அரசன் சிம்மாசனத்திலிருந்து எழுந்து, "வாங்க வாங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்பான். குகைக்குள் இருந்த பூதம்கூட, "ஏனுங்க, இன்னொரு அடி வெச்சீங்கன்னா கொன்னுபோடுவனுங்க" என்று மரியாதையாகத்தான் மிரட்டும். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துவிடுவேன். அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாள்: "ஏட்டி, ரெண்டு பேரும் அந்தப் பெட்டிய அமத்திட்டு சாப்பிட வாரியளா, இல்ல நான் வந்து வயரப் புடுங்கவா?"

மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும். சேமித்து வைக்காமல் விட்ட ஆட்டம் அழிந்து, மறுபடி முந்தின ஊரிலிருந்து நடக்க வேண்டும். அப்பா வேலை முடிந்து வந்ததும் நாம் இரண்டு பேரும் அவரை முறைப்போம். "நானா லைன் மேல மரத்தத் தள்ளிவிட்டேன்?" என்பார். பிறகு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வில்லுக்காரிய முன்னால விடுங்க, அவதான் வெவரமானவ" என்று யோசனை சொல்வார்.

உண்மையில் விவரமானவள்தான். அவள் நம்மோடு சேர்ந்த பிறகு நாம் தோற்கவே இல்லை.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஊரிலிருந்து போன் வந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஜோலி ஒன்று காலியாக இருக்கிறது, வந்தால் கிடைக்கும் என்று உங்கள் அம்மா சொன்னார். நீங்கள் என் அம்மாவிடம் கேட்டீர்கள். "அவன் லீவுல வரட்டும், பெறவு பாப்போம்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். அண்ணனிடம் போனில் கேட்டீர்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு வந்து, "வாங்க அம்மிணி, நாலாவது கோட்டைக்குப் போலாமுங்க" என்றீர்கள்.

நாலாவது கோட்டைக்கு முன்னால் ஒரு மலைக் கணவாய் வரும். நான் அதற்குப் போடிமெட்டு என்று பெயர் வைத்திருந்தேன். அங்கே போனதும் விளையாட்டு நின்றது. வில்லுக்காரி மட்டும் கூட்டத்தைவிட்டு இரண்டடி முன்னால் வந்து திரும்பி நின்றாள். அடியில் வரிகள் ஓடின. நீங்கள் கொஞ்ச நேரம் வாசிக்கவில்லை. பிறகு சொன்னீர்கள்:

"இந்தப் புள்ள கேக்குதுங்க அம்மிணி. 'நான் உங்ககூடவே இருக்கறதா, இல்ல எங்க ஊருக்குப் போயி என்ர வேலையப் பாக்கறதா'ன்னு. நாமதான் சொல்லோணுமாட்ட இருக்குது."

"நாம போகச் சொன்னா போயிருவாளா?"

"போயிருவாளாட்ட இருக்குதுங்க."

"வராம போயிட்டா நாம தோத்துருவோமே மதினி."

"அதையப் பாத்தா ஆகுமுங்களா? உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "போகட்டும் மதினி. போகணும்னு மனசுல நெனச்சுட்டுல்லா கேக்கா."

நீங்கள் பட்டனை அழுத்தினீர்கள். அவள் பனிக்குள் நடந்து மறைந்தாள்.

அந்த வாரமே நீங்கள் காலை பஸ்ஸில் மூணாறு போய், அங்கிருந்து உடுமலை வழியாக ஊருக்குக் கிளம்பினீர்கள். உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் சொன்னீர்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டேன். நீங்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் போய்ப் பேசினார்கள், உங்கள் பக்கத்துக்காரர்கள் வந்து பேசினார்கள். அண்ணன் லீவில் வந்தபோது சட்டையை மாற்றிக்கொண்டு வாசல்வரை போய், உங்கள் ஊருக்குப் போகாமலே திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கடைசியில் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தது. சில வருஷங்கள் கழித்து அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். வந்தவரையும் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். முதலில் நாக்கு எழவில்லை. நல்லவர். இப்போது பழகிவிட்டது.

ஒருமுறை பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். நான் பார்மசி படிப்பு முடித்து இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். தோளில் பையோடு, பிள்ளைகள் "டீச்சரே" என்று கூப்பிட்டு வழிவிட, நீங்கள் வந்தீர்கள். வீட்டைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அம்மிணி, ஏழு கோட்டையும் முடிச்சீங்களா?"

"நீங்க போன பெறவு யாரு மதினி எனக்குப் படிச்சுச் சொல்லுவா?"

அப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள். "அதுல பாதி நானே சொன்னதுங்க" என்றீர்கள். உங்கள் பஸ் வந்தது. பூதத்தின் மரியாதையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் நம்பரை வாங்கிக்கொண்டு ஏறினீர்கள், அதற்குப் பிறகு உங்களைப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் உங்கள் தம்பி போன் செய்து, காய்ச்சலில் தொடங்கியது நுரையீரலுக்குப் போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்றார். என் நம்பர் உங்கள் போனில் 'அம்மிணி' என்று இருந்ததாம். யார் என்று தெரியாமலே கூப்பிட்டிருக்கிறார். நான் யார் என்று சொல்ல எனக்கும் சட்டென்று வார்த்தை வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "நல்ல புள்ள" என்றாள். அவ்வளவுதான். அன்று முழுக்க அவள் டிவி போடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடி முதலிலிருந்து விளையாடினேன். மருந்துச் சீட்டு வாசித்து வாசித்து இங்கிலீஷ் இப்போது எனக்குத் தடையில்லை. அரசன் சௌக்கியம் கேட்கவில்லை, வரி கேட்கிறான். அது பரவாயில்லை. நாலாவது கோட்டைக்கு முன்னால் அந்தக் கணவாய்க்குப் போனேன். வில்லுக்காரி முன்னால் வந்து திரும்பி நின்றாள். குரல்கூடக் கொடுத்திருக்கிறார்கள். பாதை பனியில் மூடிக் கிடக்கிறது, நான் முன்னால் போய் வழி பார்த்து வருகிறேன், காத்திருங்கள் என்கிறாள். அவ்வளவுதான். கேள்வியே இல்லை. இருக்கவா போகவா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் போகிறாள்.

தப்பாக ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்து, முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி போனேன். அவளை முன்னால் விட்டுப் பார்த்தேன், பின்னால் விட்டுப் பார்த்தேன். அதே வரிதான். இணையத்தில் தேடினேன். பழைய பதிப்பின் மொழிபெயர்ப்பு மோசம், ரீமாஸ்டரில் வசனம் முழுக்கத் திருத்தி எழுதினார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழையதில் அந்த இடத்தில் ஆமா, இல்லை என்று ஒரு கேள்வி வரும், ஞாபகம் இருக்கிறது என்று இன்னொருவர். அப்படி எதுவும் கிடையாது, உனக்கு வேறு விளையாட்டோடு கலந்துவிட்டது என்று மூன்றாவது ஆள். அவர்களுக்குள்ளேயே சண்டை.

கேள்வி இருந்ததா, இல்லையா? இல்லையென்றால் என்னிடம் கேட்டது யார்? நான் பதில் சொன்னது யாருக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. கடைசிக் கோட்டையில் நாம் சூழப்பட்டுத் தோற்கப்போகும்போது வில்லுக்காரி ஒரு படையோடு திரும்பி வருகிறாள். அந்த இடம்வரை நாம் விளையாடியதே இல்லையே. நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். உங்களைப் பற்றி அவனிடம் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. விளையாட்டைப் பற்றிக் கேட்பதுபோல் ஆரம்பித்தேன். "அண்ணே, நீ ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டாந்தியே. அந்த டிஸ்க்க நீ விளையாடியிருக்கியா?"

"நான் எங்கட்டி விளையாண்டேன்? நிச்சயம் ஆன பெறவு அவதான் போன்ல கேட்டா. அவ காலேஜுல கூடப் படிச்ச கூட்டுக்காரி வீட்டுல பாத்திருக்கா போல. அதான் வாங்கியாந்தேன்."

நீங்கள் கேட்டு வாங்கியது என்று எனக்குத் தெரியாது. அப்படியென்றால் கதை உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் என்னோடு உட்கார்ந்து புதிதாக வாசிப்பதுபோல் வாசித்தீர்களா?

"அதுல ஒரு வில்லுக்காரி வருவா" என்றேன்.

மறுமுனையில் அவன் கடையில் யாரோ சில்லறை கேட்பது கேட்டது.

"தெரியும்ட்டி. அவ கடைசியாப் போன் பண்ணப்ப அதத்தான் சொன்னா. ஊருக்குப் போறேன்னு சொல்லல, வேலையில சேரப் போறேன்னு சொல்லல. 'அந்த வில்லுக்காரி போயிட்டாளுங்க, ஆனா கடைசில திரும்பி வருவாளுங்க'ன்னு சொன்னா. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. சரி சரின்னேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நான் அதக் கதைன்னுலா நெனச்சேன்."

போனை வைத்துவிட்டான்.

மதினி, என்னிடம் போகவா என்று கேட்டீர்கள். அவனிடம் திரும்பி வருவேன் என்று சொன்னீர்களா? அவன் வந்து அழைத்திருந்தால் வந்திருப்பீர்களா? இல்லை, ஒரு விளையாட்டில் நடந்ததைப் புருஷனிடம் சும்மா சொன்னீர்கள், நாங்கள்தான் இத்தனை வருஷம் கழித்து அதை உருட்டிக்கொண்டிருக்கிறோமா? நீங்களே சொன்னதாகச் சொன்ன அந்தப் பாதி எந்தப் பாதி? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுகிறது. உங்களை 'டீச்சரே' என்று கூப்பிட்ட பிள்ளைகளை நினைத்தால் நான் சரியாகத்தான் சொன்னேன் என்று படுகிறது. வாசல்வரை போய்த் திரும்பிய அண்ணனை நினைத்தால் ஒன்றும் படமாட்டேன் என்கிறது.

கோட்டையெல்லாம் முடிந்த பிறகும் அந்த விளையாட்டில் ஊர் ஊராகச் சுற்றலாம். கூட்டத்தில் வில்லுக்காரி இருக்கிறாள். நின்று அவளோடு பேசிப் பார்க்கிறேன். 'நல்ல காற்று' என்கிறாள். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள்.

இதெல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் என்னோடு நிற்கிற பெண் யாருக்காகவோ கேட்பதுபோல் ஏதாவது கேட்டால், செய்கிற வேலையை வைத்துவிட்டு அவளைப் பார்க்கிறேன். "யாருக்காக நீ கேக்க?" என்கிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் அது உண்மையிலேயே வேறு யாருக்காகவோதான் இருக்கிறது. இருந்தாலும் பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை.

நீங்கள் அன்று கேட்டதை இன்று கேட்டாலும் போகட்டும் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் திரையைப் பார்த்துச் சொல்லமாட்டேன், மதினி. உங்கள் பக்கம் திரும்பி, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

உங்கள்
அம்மிணி