விளையாடத்தான் செய்தேன்

அக்கா, இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ இனி யாரிடம் காட்டப் போகிறாய்? இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளறைக் கதவைச் சாத்தி, திரியைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். சண்டைக்காலத் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெயை வீணாக்குகிறேன் என்று அப்பா ஏசுவார்.

உன் நீலச் சேலை என் மடியில் கிடக்கிறது. இன்னும் உன் சந்தனச் சோப்பு வாசம் போகவில்லை. கொழும்புக் கப்பலில் அத்தான் உன் பெட்டியையும் பாப்பாவையும் கொண்டுவந்தார். காய்ச்சலில் போன நீ அங்கேயே மண்ணுக்குள் இருக்கிறாய்.

முன்பு அம்மாவின் பழஞ்சேலைதான் நமக்குக் கடல். மூச்சை அடக்கி நீ அதற்குள் முங்குவாய். முந்தானை நுனி என் கையில் இருக்கும். முத்துக் குளிப்பவருக்குப் பெண்டாட்டியோடு பிறந்த மச்சான்தான் கயிறு பிடிப்பார் என்று கேள்விப்பட்டு என்னை மச்சான் ஆக்கினாய்.

"ஏலே மச்சான், பராக்குப் பாக்காதல. நான் செத்தா ஒன் தங்கச்சிதான் தாலி அறுக்கணும்."

"எனக்கு ஏதுக்கா தங்கச்சி?"

கடலுக்கடியிலேயே சிரித்து மூச்சை விட்டுவிட்டாய்.

கல்யாணம் பேசிய மறுநாள் அந்தச் சேலையை மடித்து வைத்தாய். "இனிமே நான் வெளையாடக் கூடாதாம்ளா." ஏன் என்று கேட்டேன். உனக்கும் தெரியவில்லை.

வந்ததிலிருந்து பாப்பா சிரிக்கவே இல்லை, அக்கா. யார் தூக்கினாலும் உதைத்துக்கொண்டு அழுவாள். இன்று சாயங்காலம் உன் சேலையைக் கண்டதும் தவழ்ந்து வந்து பற்றிக்கொண்டாள். நான் அதற்குள் முங்கினேன். அவள் நுனியை இழுத்தாள். வெளியே வந்து, "முத்து எடுத்தாச்சு" என்று அவள் மூக்கைத் தொட்டேன். சிரித்தாள். உன் சிரிப்பேதான். மறுபடி முங்கச் சொல்லி என் தலையை அமுக்கினாள். நானும் எல்லாவற்றையும் மறந்து சிரித்துவிட்டேன். நிமிர்ந்தால் வாசற்படியில் எல்லோரும் நிற்கிறார்கள்.

"பாத்தீகளா மதினி, எப்படி ஒட்டிக்கிட்டா" என்றாள் அம்மா.

அத்தானின் அம்மா கண்ணைத் துடைத்தார். "பிள்ளைக்குத் தாய் கெடச்சாச்சு. இனி வெளிய எதுக்குப் பொண்ணு தேடணும்?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் வெளையாடத்தாம்மா செஞ்சேன்."

"அதத்தான் அங்க போயும் செய்யப் போற. பள்ளிக்கூடத்துப் பொஸ்தகத்தப் பரண்ல போடு."

நாளைக் காலையில் வெற்றிலை பாக்கு மாற்றப் போகிறார்கள். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றுகிறது. பாப்பா கையை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அழவிட வேண்டும். அப்போதாவது இவளுக்குப் பிள்ளை வளர்க்க வராது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இன்றைக்குத்தான் சிரித்திருக்கிறாள், அக்கா. நானும் விளையாடவில்லை என்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? என்னோடு விளையாட நீ இருந்தாய்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

"ஏளா, முழிச்சுத்தான இருக்க? பிள்ள ஒன்னத் தேடி அழுதுகிட்டுக் கெடக்கா. கதவத் தெற."

அழட்டும், அக்கா. கொஞ்ச நேரம் அழட்டும். நான்