தரையோட்டம் மட்டும்

என் அன்பானவனே,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காலைத் தபால் விமானத்திலேயே இது உன் சால்மன் மீன்பிடிப் படகுக்கு வந்துசேர வேண்டும். அலாஸ்கா முழுக்க ரேடியோவில் பேசுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நாம் கையால் கட்டிய விமானம் பறந்துவிட்டது.

முதல் தடவை நீதான் அதில் பறக்க வேண்டும், நான் தரையில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன். ஆற்று மணல்திட்டில் அதைத்தான் செய்தேன். ஆனால் பனிவண்டி எஞ்சினுக்கு டர்போ வைத்துப் பூட்டினோமே, அதன் பலத்தை நான் குறைவாக நினைத்துவிட்டேன். பாதி வேகம்கூடக் கொடுக்கவில்லை, எண்பது அடி ஓடியதுமே சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. திரும்ப இறக்கப் பார்ப்பதற்குள் திட்டு முடிந்து தண்ணீர் வந்துவிட்டது. கரையில் பக்கத்து வீட்டு லொரெட்டாவின் இடுப்பில் பாப்பா இருந்தாள். அவளை நினைத்துக்கொண்டு முழு வேகமும் கொடுத்தேன்.

எட்டு நிமிடம் மேலே இருந்தேன். எண்ணெய்ச் சூடு, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. முதலில் அழுதேன், பிறகு சத்தமாகச் சிரித்துக்கொண்டே வட்டமடித்தேன். அது ஏறுகிற ஏற்றத்தை நீ பார்க்க வேண்டும்.

இறங்கியதும் லொரெட்டா கேட்டாள்: "ஏண்டி, தரையிலதானே ஓட்டுறேன்னே? தரை எங்கடி போச்சு? உன் புருஷன் கேட்டா நான் எதையும் பாக்கல."

மூன்று குளிர்காலம் விரல் விறைக்க வேலை செய்து நீ காத்திருந்த நாளை நான் எடுத்துக்கொண்டேன். பறப்புப் பதிவேட்டில் முதல் வரி இன்னும் காலியாக இருக்கிறது. உண்மையைத்தான் எழுத வேண்டும், ஆனால் உன்னிடம் கேட்காமல் என் பெயரை எழுதக் கை வரவில்லை. கோபமென்றால் அதையே எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் மனைவி