ஈரம் போக எடை

பூதலூர்
2.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். இங்கே அவரும் மகள் செம்மொழியும் நானும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை. அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நினைக்காதீர்கள். போனை எடுத்தால் முதலில் நான் அழுகிறேன், பிறகு நீங்கள் அழுகிறீர்கள், கடைசியில் அண்ணி போனைப் பிடுங்கி இரண்டு பேரையும் திட்டுகிறார்கள். சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. உங்கள் தெரு நல்லக்கண்ணு அண்ணன்தான் தினமும் குத்தாலத்தில் ரயிலேறித் திருச்சிக்கு வேலைக்குப் போகிறாரே. பூதலூரில் வண்டி நிற்கும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். தஞ்சாவூர் டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டார். என் கிட்னி உங்களுக்குப் பொருந்துகிறது! சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. எடைதான் இடிக்கிறது. எண்பத்திரண்டு கிலோ. எழுபத்துநான்குக்கு வந்தால்தான் ஆபரேஷனாம். "பொங்கலுக்குள்ள குறைச்சிட்டு வாங்கம்மா" என்றார். அண்ணிக்குச் சர்க்கரை. அவர்களால் கொடுக்க முடியாது. ஆக, நான்தான் என்று முடிவாகிவிட்டது.

அங்கே சஃபியா மேடம் என்று ஒருவர், சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிறவர். சின்ன வயசுதான். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி என்று அட்டவணை கொடுத்தார். நான் அதையும் பாதியாக்கி, ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ போயிற்று! போன பொங்கல் சீருக்கு நீங்கள் தைத்துக் கொண்டுவந்த ரவிக்கை கையை இறுக்கிப் பிடித்ததே, இப்போது கொஞ்சம் மூச்சு விடுகிறது. இந்தக் கணக்கில் போனால் தீபாவளிக்கே முடித்துவிடுவேன்.

தைரியமாக இருங்கள்.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


குத்தாலம்
9.9.2024

அன்புத் தங்கச்சி செவ்வந்திக்கு,

அண்ணன் டயாலிசிஸ் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை வேலையில்லாமல்தான் கிடக்கிறது. எழுத்து கோணினால் நர்ஸ் பாத்திமாவைத் திட்டு, அவள்தான் கட்டிலை ஆட்டுகிறாள்.

ஒரு வாரத்தில் மூன்று கிலோவா? என்னிடமா பெருமையடிக்கிறாய்? நான் காலையில் உள்ளே வரும்போது அறுபத்து மூன்றரை. நாலு மணி நேரம் கழித்து வெளியே போகும்போது அறுபத்தொன்று. வாரத்துக்கு மூன்று தடவை இப்படி. வேடிக்கையாக எழுதினாலும் ஒன்றைக் கேட்டுக்கொள். வேகமாகப் போவது தண்ணீர். நாளைக்கே திரும்பி வரும், வந்தால் பதறாதே.

ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறாயா? வேண்டாம்மா. மாப்பிள்ளை என்னைத்தான் மனசுக்குள் ஏசுவார்.

உன் அண்ணி மதிவதனி அதிரசம் சுட்டாள். அவளுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. வீணாகப் போகும் என்று நல்லக்கண்ணுவிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன்.

அன்பு அண்ணன்,
நெடுஞ்செழியன்


பூதலூர்
7.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதவே மனசில்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கல்யாணம். ஒரே ஒரு பந்தி, அண்ணே. சாம்பார், வத்தக்குழம்பு, அப்பளம், ஊறுகாய், கொஞ்சம் பாயசம். மறுநாள் காலையில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது! வளையலைக் கழற்றிவிட்டு ஏறினேன். காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு ஏறினேன். மெஷினை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு மாற்றி வைத்தும் ஏறிப் பார்த்தேன். செம்மொழி சிரித்தாள். நான் அவளை அடிக்கப் போய்விட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் டீத்தண்ணியோடு இருந்தேன். மூன்றாம் நாள் அங்கன்வாடியில் ஒரு பிள்ளையை எடை போடத் தூக்கும்போது தலை சுற்றியது. பிள்ளையை ஆயா பிடித்துக்கொண்டார்கள், என்னைச் சுவர் பிடித்துக்கொண்டது. இவருக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது.

ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் எடை பார்த்து, குறைந்தால் கவலைப்படுவதுதான் என் வேலை. என் எடையைக் குறைக்க எனக்குத் தெரியவில்லை. அங்கே நீங்கள் ஊசியோடு படுத்திருக்கிறீர்கள், இங்கே என் உடம்பு ஒரு பந்திக்கு விலை போகிறது. பொங்கலுக்குள் ஆகாவிட்டால் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே.

செவ்வந்தி


குத்தாலம்
14.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அழுத முகத்தைக் கழுவிவிட்டு இதைப் படி.

நம் குறுவை நெல் இப்போது கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. மழையில் நனைந்ததால் ஈரப்பதம் இருபதுக்கு மேல் காட்டியது, திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டி இரண்டு நாள் காயவைத்தோம். காய்ந்ததும் மூட்டைக்கு மூட்டை எடை குறைந்தது. அதற்காக எலி தின்றுவிட்டது என்று அழுவோமா? நனைந்த அன்று எடை கூடியதே, வயலில் கூடுதலாக விளைந்துவிட்டது என்று குதித்தோமா? விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ பந்தியில் தின்றது உப்பு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னைவிட இதை யார் சொல்ல முடியும்? ஊறுகாயை விரலில் தொட்டு நக்கினால் அடுத்த நாள் காலில் செருப்பு ஏறாது. எனக்கு இங்கே ஈரம் போக எடை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுதான் நான். மிச்சமெல்லாம் நான் குடித்த தண்ணீர். உனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் ஏழாயிரத்துச் சொச்சம் கலோரி தேவைக்கு மேலே சாப்பிட வேண்டும் என்று பாத்திமா கணக்குச் சொன்னாள். இரண்டு கிலோ ஏற, நீ என்ன, பந்திப்பாயையும் சேர்த்துத் தின்றாயா?

பட்டினி மட்டும் கிடக்காதே. கிட்னிக்கான அரசாங்கப் பட்டியலிலும் என் பேர் பதிந்திருக்கிறது, எப்போதாவது வரும். உன்னால் முடியாவிட்டால் முடியாது, அவ்வளவுதான். யாரும் உன்னை ஒரு சொல் சொல்லப் போவதில்லை.

அசோகா அல்வா அனுப்பியிருக்கிறேன். மதிவதனி கிண்டியது. உடம்பு தெம்பாக இருக்கட்டும், சாப்பிடு.

அன்பு அண்ணன்,
நெடுஞ்செழியன்


பூதலூர்
25.11.2024

அண்ணனுக்கு,

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை.

சஃபியா மேடத்திடம் போனேன். "நேத்து காலையிலேருந்து வாயில போனது எல்லாத்தையும் சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். கூட்டினால் ஆயிரத்து நூறுதான் வந்தது. "இதுக்கு எடை குறையணுமே. வேலைக்குப் போற இடத்துல என்ன சாப்பிடுவீங்க?" என்றார். ஒன்றுமில்லை, பிள்ளைகள் மிச்சம் வைக்கிற சத்துமாவு உருண்டைதான், கீழே போட மனசு வராமல் வாயில் போட்டுக்கொள்வேன் என்றேன். எத்தனை என்று கேட்டார். ஐந்தாறு இருக்கும். "அது சாப்பாடு இல்லையே மேடம், மிச்சம்தானே" என்றேன். அந்தப் பெண் மேஜைமேல் கவிழ்ந்து சிரித்தது. "பிள்ளைங்க மிச்சம் வெச்சா கலோரியும் மிச்சமாப் போயிடுமாக்கா?" அந்த உருண்டைகளே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் வந்தன. தாளிக்கிற எண்ணெய், நாலு டீயின் சர்க்கரை எதுவும் என் கணக்கில் இல்லை.

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சோறும் உண்டு, ஒரு கிண்ணம். முட்டையும் பயறும் நிறைய. வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை காலை மட்டும் எடை. ஒரு வாரம் கூடினாலும் பேசாமல் இருக்கச் சொன்னார், மாதத்தோடு மாதம்தான் ஒப்பிட வேண்டுமாம். நீங்கள் சொன்ன நெல் கதையைச் சொன்னேன், கைதட்டினார். இந்தத் திங்கட்கிழமை எழுபத்தாறே முக்கால்.

இப்போது சண்டை. நல்லக்கண்ணு அண்ணன் வெள்ளை மனசுக்காரர், கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவார். அண்ணி கையில் இவ்வளவு நெய் ஓடாதே என்று சும்மாதான் கேட்டேன். "உங்க அண்ணி வீட்டுல கிண்டினது இல்லம்மா, கடையில வாங்கினது. நெய் கூட விடச் சொல்லி அண்ணன் நின்னு வாங்கினாரு" என்றார். அதிரசமும் கடைதானாம். நடுவில் வந்த முறுக்கு டப்பாவும் அப்படித்தானாம். அண்ணிக்கு எதுவுமே தெரியாது.

ஒரு கையால் எனக்கு நெல் காயவைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இன்னொரு கையால் நெய்யை அனுப்பியிருக்கிறாய். நான் குறையக் கூடாது என்றுதானே? நான் பட்டினியில் சுவரைப் பிடித்தபோதும் அனுப்பினாய். ஏன் அண்ணே? எனக்கு உண்மையைச் சொல்லு.

செவ்வந்தி


குத்தாலம்
9.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுத இரண்டு வாரமாயிற்று. உன் கடிதத்தை மதிவதனி படித்துவிட்டாள். அவள் பேசிய பேச்சுக்குப் பிறகு உன் கோபம் எனக்கு மோர் குடித்த மாதிரி இருந்தது.

ஆமாம், அதற்குத்தான் அனுப்பினேன். "வேண்டாம்" என்று என் வாயால் சொன்னால் நீ உடைந்து போவாய். எடை குறையாமல் டாக்டரே சொல்லிவிட்டால் உனக்கும் பழியில்லை, எனக்கும் பாரமில்லை என்று நினைத்தேன். நீ பட்டினி கிடப்பாய் என்று நினைக்கவில்லை. தலை சுற்றியது என்று எழுதினாயே, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்படியும் அசோகா வாங்கினேன் பார், அதுதான் என் புத்தி.

உன்னைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், நெய், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை ரவிக்கையோடு உன் வாசலில் வந்து நிற்கிறேன். புயலில் பயிர் முழுக்கச் சாய்ந்த வருசமும் வந்தேன். தங்கச்சிக்குக் கொடுத்தே பழகின கை இது. இதை உன் முன்னால் எப்படி ஏந்துவேன்? அதுவும் புடவையா பணமா, உன் உடம்பை அறுத்து எடுப்பதை. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் செம்மொழி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

எனக்கு உயிரோடு இருக்க ஆசை இல்லாமல் இல்லை. ரொம்ப ஆசையாக இருக்கிறது, செவ்வந்தி. ஒரு சொம்புத் தண்ணீரை அளக்காமல் குடிக்க வேண்டும் என்று ஆசை. அதனால்தான் பயம். சம்மதம் என்று எழுதக் கை வரவில்லை.

அண்ணன்


பூதலூர்
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்தில் உங்களை நீ, வா என்று எழுதிவிட்டேன். கோபத்தில் வந்தது. சின்ன வயசில் அப்படித்தானே கூப்பிடுவேன்.

இன்று திங்கட்கிழமை. எழுபத்து மூன்று எண்ணூறு. போன வாரமும் எழுபத்து நான்குக்குக் கீழேதான். ஈரமெல்லாம் போக, இதுதான் நான். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் மறுபடி செய்து, சரி என்று சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்ததும் தேதி கொடுப்பார். ஒரு கிட்னியோடு நான் நன்றாக இருப்பேனா என்று செம்மொழியே அவரை உட்காரவைத்து நூறு கேள்வி கேட்டாள். அவளுக்குத் திருப்திதான். உங்களுக்குப் பயமாக இருந்தால் அவளிடம் பேசுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது என்று தவித்தேன். பிறகு தோன்றியது. இந்த எண்பத்திரண்டு கிலோ எங்கிருந்து வந்தது? வருசா வருசம் நீங்கள் கொண்டுவந்த அரிசியும் வெல்லமும் நெய்யும்தானே? அப்பா இல்லாத வீட்டில் நீங்கள் சோறு போட்டு வளர்த்த உடம்புதானே? நான் என்னுடையது எதையும் தரவில்லை, அண்ணே. உங்களுடையதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நீங்கள் இல்லாமல் எனக்குப் பொங்கல் இல்லை.

சம்மதம் என்று எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம். எப்போதும்போல் சீர் கொண்டு வாருங்கள். வந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்த வலி என் ஆயுசுக்கும் போகாது.

உங்கள் தங்கை,
செவ்வந்தி


குத்தாலம்
8.1.2025

அன்புத் தங்கச்சி செவ்வந்திக்கு,

அரிசி எடுத்து வைத்தாயிற்று. கரும்பு சொல்லியாயிற்று. வெல்லம் அரைக் கிலோதான். நெய் வாங்க விடமாட்டேன் என்று மதிவதனி கடைக்கே கூட வந்தாள்.

புடவை அரக்கு நிறம், உனக்கு எடுப்பாக இருக்கும். ரவிக்கைத் துணியைத் தையல்காரரிடம் கொடுக்கக் கிளம்பினேன், அவள் மறித்துவிட்டாள். பழைய அளவுக்குத் தைத்தால் இந்த வருசம் உனக்குத் தொளதொளவென்று இருக்குமாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

புது அளவு எடுத்து எழுதி, நாளைக் காலை ரயிலில் வருகிற நல்லக்கண்ணுவிடம் மறக்காமல் கொடுத்துவிடு. பொங்கலுக்குள் தைத்து வாங்க வேண்டும்.

அன்பு அண்ணன்,
நெடுஞ்செழியன்