வெளுத்துப்போன உங்கள் சட்டை

என் வீட்டு மகாராஜாவுக்கு வணக்கம். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி? உங்கள் சமையலைச் சாப்பிடுகிற மகள் எப்படி?

நான் வேலை பார்க்கிற கொட்டகையில் வைக்கோலில் வளர்க்கிற காளானைத் தின்ன விற்கிறார்கள். ஆனால் அது வைக்கோலில் சுரக்கிற என்சைம் தண்ணீருக்குத்தான் மதிப்பு. அது ஜீன்ஸ் துணியின் சாயத்தை வெளுத்துக் காட்டினால்தான் ஆலைக்காரர்கள் வாங்குவார்கள்; இதுவரை வெளுத்தபாடில்லை.

"இந்தத் தடவையும் சாயம் போகலைன்னா கொட்டகையை மூட வேண்டியதுதான்" என்று சூப்பர்வைசர் புலம்பிய அன்றைக்கே நான் வழுக்கி விழுந்து, வடித்து வைத்திருந்த அந்த என்சைம் தண்ணீரை மேலெல்லாம் கொட்டிக்கொண்டேன். பயப்படாதீர்கள், அடி எதுவும் இல்லை. சேலைக்கு மேல் போட்டிருந்த உங்கள் ஜீன்ஸ் சட்டைதான் மறுநாள் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது.

சூப்பர்வைசர் துள்ளிக் குதித்தார். "அக்கா, சட்டையைக் குடுங்க! ஆலைக்காரங்ககிட்ட காட்டணும்."

"அது என் வீட்டுக்காரர் சட்டை, தம்பி. தர மாட்டேன். வேணும்னா போட்டுக்கிட்டு நானே வர்றேன்."

நிஜமாகவே கூட்டிக்கொண்டு போனார்! ஆலைக்காரர்கள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். கொட்டகை பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது.

இன்னொரு சட்டை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டுக் கழற்றியதே போதும். துவைக்காமல் அனுப்புங்கள். அந்த வேலையை இங்கே காளான் பார்த்துக்கொள்ளும்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி